மகளிர் ஆண்ட ஆண்டு

பேச்சு நீண்டால் மணியடிப்பதற்கென்றே மேசைமேல் கையை வைத்துக் காத்திருக்கும் தலைவர், ஒன்றியப் பெருந்தலைவர், பெரியவர் சண்முகராஜ் அவர்களே! அரசாணை என்றால் அடியெடுத்து வைக்கும் முன் இரண்டு முறை படித்துப் பார்க்கும் ஆணையாளர் ஞானசிகாமணி அவர்களே! வேப்பமடை வாய்க்காலின் வளைவும் வழக்கும் அறிந்த மூத்தவர் கருத்தக்கண்ணன் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் வணிகப் பெருமக்களே, வாத்தியார்மார்களே! சுருளிப்பட்டியிலிருந்து நடந்து வந்த, கூடலூரிலிருந்து வண்டி கட்டி வந்த, ஏலத்தோட்டத்து ஜீப்பை இன்று ஒருநாள் தானாக மலையேறச் சொல்லிவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே! பந்தல் காலுக்கு வெளியே நின்றுகொண்டு, 'இந்த அம்மா எப்பத்தேன் முடிக்கும்' என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் உடன்பிறப்புகளே! அமர்ந்தவர்க்கும் நின்றவர்க்கும், அழுகிற பிள்ளைக்கும் அதை ஆட்டுகிற கைக்கும், இரும்புக்கடை சுகிர்தத்தின் இருகரம் கூப்பிய வணக்கம்.

இன்று மார்ச்சு எட்டு, மகளிர் தினம். சென்ற ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தை, உலகமே மகளிர் ஆண்டாகக் கொண்டாடியது. அதை நம் ஒன்றியம் எவ்வாறு திட்டமிட்டது, எவ்வாறு கொண்டாடியது என்று அறிக்கை படிக்கும் பணியை எனக்குத் தந்திருக்கிறார்கள். சுருக்கமாகப் படி என்று தலைவர் சொன்னார். அதையே வீட்டில் என் கணவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். "கேக்குறவுக பாவம், பாத்துப் பேசு" என்றார். இருபது வருடமாக என் பேச்சைக் கேட்டவர், அனுபவம் பேசுகிறது.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது? வளைவு வைத்தோம், வாழை கட்டினோம். கோலம் போட்டோம், கொடி ஏற்றினோம். வரவேற்றோம், வாழ்த்தினோம், வடை தின்றோம். அவ்வளவுதான். நான் கேட்கிறேன், தாய்மார்களே, நடந்தது அவ்வளவுதானா? அவ்வளவுதானா நடந்தது?

அதோ, வேப்பமடைப் பெண்கள் 'இல்ல' என்கிறார்கள். கேட்டீர்களா தலைவரே? அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு தை மாதம். சென்னையிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து உத்தமபாளையத்துக்கும், அங்கிருந்து நமது ஒன்றியத்துக்குமாக ஓர் ஆணை இறங்கி வந்தது. பெண்களின் உரிமையை நினைவூட்ட இந்த ஆண்டு முழுவதும் மகளிர் ஆண்டு, அதை ஊர்தோறும் கொண்டாடுக என்று ஆணை. வந்தவுடன் விழாக் குழு அமைத்தார்கள். குழுவிலே யார் யார்? அத்தனை பேரும் மீசை வைத்தவர்கள். வைக்காதவள் ஒருத்தி. அவள் உங்கள் முன்னால் நிற்கிறாள்.

குழு கூடியது. கூடித் திட்டமிட்டது. எப்படித் திட்டமிட்டது தெரியுமா? வளைவில் ஒரு பெண் படம் வரைய வேண்டும் என்றார் ஒருவர். குடத்தோடு வரையலாம் என்றார் இன்னொருவர். குடம் இடுப்பிலா, தலையிலா? பிடித்துக்கொண்டது சண்டை! இடுப்புக் கட்சி ஒருபக்கம், தலைக் கட்சி மறுபக்கம். தேநீர் வந்த பிறகுதான் அமைதி வந்தது. அடுத்து கோலப் போட்டி. அதற்கடுத்து கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுகிற போட்டி. உரிமை என்று ஒரு சொல் அந்த ஆணையில் அழகாக அச்சாகியிருந்தது. அதை மட்டும் யாரும் தொடவில்லை; சூடாக இருந்தது போலும்.

நான் எழுந்தேன். "ஐயா, எல்லாம் சரி. இரண்டாம் போகம் கதிர் பிடிக்கிற நேரம். பெண்கள் வயலில் கிடக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விழா எப்படித் தெரியும்?" என்றேன். "அதுக்கென்ன, தமுக்கடிச்சுச் சொல்லிருவோம்" என்றார் தலைவர். அதுவரை போட்ட தீர்மானங்களில் உருப்படியான தீர்மானம் அது ஒன்றுதான். உருப்பட்டதும் அது ஒன்றுதான்!

தமுக்கடிக்கும் சுருளியாண்டியை உங்களுக்குத் தெரியும். அதோ பந்தல் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். அவர் குரல் எழுந்தால் வாய்க்காலுக்கு இந்தக் கரையில் சொன்னது அந்தக் கரைக்குக் கேட்கும். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அலுவலகத்துத் தமிழை அப்படியே சொல்ல மாட்டார். ஊர்த் தமிழில் உடைத்துச் சொல்வார். 'ஜப்தி செய்யப்படும்' என்று எழுதிக் கொடுத்தால், 'அண்டா குண்டாவத் தூக்கிட்டுப் போயிருவாக' என்று அடிப்பார். மக்களுக்கு விளங்குவது அதுதான்.

அவருக்கு அலுவலகத்தில் படித்துக் காட்டினார்கள்: 'அரசு ஆணைப்படி மகளிர் ஆண்டு கொண்டாட வேண்டியது.' நன்றாகக் கேளுங்கள், தமிழறிந்த பெருமக்களே! மகளிர், ஆண்டு, கொண்டாட வேண்டியது. நம் ஊரில் வருடத்தை யார் ஆண்டு என்கிறார்கள்? வருசம் என்போம். ஆண்டு என்ற சொல்லை நம் மக்கள் எங்கே கேட்டிருக்கிறார்கள்? கிரயப் பத்திரம் படிக்கும்போது கேட்டிருக்கிறார்கள்: 'ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' கொண்டாடு என்ற சொல்லை எங்கே கேட்டிருக்கிறார்கள்? 'நீ எப்படிடா சொந்தங் கொண்டாடலாம்' என்று வரப்புச் சண்டையில் கேட்டிருக்கிறார்கள். சுருளியாண்டி இரண்டையும் சேர்த்தார். தமுக்கைத் தோளில் மாட்டினார். வேப்பமடைத் தெருவில் நின்று ஓங்கி அடித்தார்.

"இதனால சகலமானவுகளுக்கும் அறிவிக்கிறது என்னன்னா! சர்க்கார் உத்தரவுப்படி, இந்த வருசம் முச்சூடும் பொம்பளைக ஆண்டு அனுபவிச்சு, சொந்தங் கொண்டாடிக்கிற வேண்டியதூ!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று அந்தத் தெருவில் ஒருத்தி சிரிக்கவில்லை. அவள் பெயர் மொக்கம்மாள்.

மொக்கம்மாள் யார்? கணவனை இழந்து இரண்டு வருடம் ஆனவள். இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய். வேப்பமடை வாய்க்காலின் கடைசியில் ஒரு துண்டு வயல், அதுதான் அவளுக்கு ஆஸ்தி. வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, வாய்க்காலில் தண்ணீரும் இருக்கிறது. என்ன இல்லை? மடையைத் திறக்கும் உரிமை இல்லை! பெண் கை பட்டால் மடை உடையும் என்று ஒரு சொல். சோறு பொங்குகிற கை, நாற்று நடுகிற கை, களை எடுக்கிற கை, கதிர் அறுக்கிற கை, அந்தக் கை பட்டால் மண் மட்டும் உடைந்துவிடுமாம்!

அதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு, கேளுங்கள். அந்த வாய்க்காலில், முறை வந்தால் மடையில் நின்று, யார் பெயரில் முறையோ அந்தப் பெயரை உரக்கச் சொல்லி மண்வெட்டியைப் போட வேண்டும். பெயரைச் சொன்னால்தான் தண்ணீர். மொக்கம்மாளின் வயலுக்கு முறை யார் பெயரில்? இறந்துபோன கணவன் பெயரில். தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். கட்டியவர் பெயரை நாம் வாய்விட்டுச் சொல்வோமா? ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை இடித்து, 'அவுக பேரச் சொல்லுடி' என்போம். என்னையே பாருங்கள். மேடையேறியதிலிருந்து என் கணவர், என் கணவர் என்கிறேனே தவிர, பெயர் சொன்னேனா? கடைப் பலகையில் எழுதியிருக்கிறது, வேண்டியவர்கள் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆக, பெயரைச் சொன்னால் தண்ணீர்; அந்தப் பெயரைச் சொல்ல இவளுக்கு வாய் வராது. அதனால் அவளுக்காக மடை திறந்தவர் கொழுந்தன் அழகுமலை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் வயலுக்கு முதலில் பாய்ச்சுவார். நிறையப் பாய்ச்சுவார். மிச்சம் இருந்தால் மதினி வயலுக்குத் திருப்புவார். மிச்சம் என்றைக்கு இருந்தது? முந்தின போகம் மொக்கம்மாளின் நெல் அத்தனையும் சாவி, வெறும் பதர். தூற்றினால் காற்றோடு போனது. இந்தப் போகமும் தண்ணீர் தப்பினால் அவள் பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏற வேண்டும். வயலை அழகுமலை பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் இந்தத் தமுக்கு. மொக்கம்மாள் தெருவில் இறங்கி வழிமறித்தாள். "ஏலே சுருளியாண்டி, என்ன சொன்ன? இன்னொருக்காச் சொல்லு" என்றாள். அவர் இன்னொருக்கா அடித்தார். "தண்ணிக்கும் சேத்துத்தானா?" என்றாள். சுருளியாண்டி யோசித்தாராம். "தண்ணி நீங்கலான்னு ஆபீஸ்ல சொல்லலையே ஆத்தா. எல்லாத்துக்குந்தேன்" என்றாராம்.

முறை நாள் வந்தது. பொழுது புலர்ந்தது. அழகுமலை மடைக்குப் போகிறார். அங்கே அவருக்கு முன்னால் மண்வெட்டியோடு நிற்கிறாள் மொக்கம்மாள்! பார்த்தவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மதினி, என்னத்துக்கு இந்தக் கூத்து? வீட்டுக்குப் போங்க."

"கூத்து இல்ல தம்பி. சர்க்கார் உத்தரவு. ஒங்க காதுல விழுகலையா?"

"சரி. முறைக்காரன் பேரச் சொல்லி மம்பட்டியப் போடுங்க பாப்போம்."

பூட்டைக் காட்டிவிட்டார் பார்த்தீர்களா? அவளால் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். கரையில் கூட்டம் கூடிவிட்டது. மொக்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள். மண்வெட்டியை ஓங்கினாள். "சர்க்கார் முறை!" என்று கத்திக்கொண்டே மண்ணில் போட்டாள். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, தண்ணீர் திரும்பியது. சர்க்காரை யார் தடுப்பது? சர்க்கார் பெயர் என்றால் அழகுமலையும் ஒதுங்கித்தானே நிற்க வேண்டும்! கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. மடை உடைந்ததா? உடையவில்லை. உடைந்தது அந்தச் சொல்தான்.

அடுத்த முறையில் இன்னும் இருவர் வந்தார்கள். அதற்கடுத்த முறையில், கணவன்மார் மலைத்தோட்டத்துக்குப் போன வீட்டுப் பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். எங்கள் கடைக்கு வந்து சின்னப் பிடி மண்வெட்டி கேட்டார்கள். வியாபாரத்துக்காகப் பேசுகிறாள் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்! அதோ, நினைத்துவிட்டார்கள், சிரிக்கிறார்கள். சரி, நினைத்தால் நினையுங்கள், மண்வெட்டி நல்ல மண்வெட்டி.

விழாக் குழு இரண்டாம் முறை கூடியது. அன்றைக்குப் பேச்சு வடையா சுண்டலா என்பது. கதவு திறந்தது. வேப்பமடைப் பெரியவர் கருத்தக்கண்ணன், பின்னால் துண்டைத் தோளில் போட்ட ஒரு கூட்டம். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

"பொம்பளைக ஆளணும்னு உத்தரவு போட்டீகளாமே, அதக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்" என்றார்.

ஆணையாளர் ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. அரசு சொல்லாததை அரசின் பெயரால் சொல்வதா? சுருளியாண்டியைக் கூப்பிட்டார். "என்னப்பா இது? ஆண்டுன்னா வருஷம்ப்பா!" என்றார். சுருளியாண்டி கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "அப்ப வருசம்னே எழுத வேண்டியதுதான சாமி? வருசத்த வருசம்னு சொன்னா வாயா வெந்துபோகும்?"

அறிவிப்பைத் திருத்த வேண்டும் என்று முடிவாயிற்று. எப்படித் திருத்துவது? அங்கேதான் ஐயா, அரசாங்கத் திட்டமிடலின் அழகையெல்லாம் கண்ணாரக் கண்டேன்! முதலில் ஒருவர் எழுதினார்: 'மகளிர் ஆளமாட்டார்கள் என்று இதனால் அறிவிக்கப்படுகிறது.' நம் தலைவர் துள்ளி எழுந்தார். "யோவ்! டெல்லியில யாரு ஆள்றாகன்னு நெனப்பிருக்கா? மகளிர் ஆண்டுல இதத் தமுக்கடிச்சா எம் பதவி என்னாகும்? பதவிய விடு, வீட்ல எனக்குச் சோறு கெடைக்குமா?" என்றார். அது கிழிந்தது.

அடுத்து எழுதினார்கள்: 'முந்தைய அறிவிப்பு ரத்து.' சுருளியாண்டி பவ்யமாகக் கேட்டார்: "அப்ப மகளிர் ஆண்டு ரத்துன்னு அடிக்கட்டுங்களா?" ஆணையாளர், "ஐயையோ, அரசாணைய ரத்துப் பண்ண நான் யாருப்பா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். அதுவும் கிழிந்தது.

பிறகு எழுதினார்கள்: 'ஆண்டு என்றால் வருடம் மட்டுமே.' இது சரி என்று எல்லாருக்கும் நிம்மதி. எங்கே, அடித்துக் காட்டு என்றார்கள். சுருளியாண்டி தொண்டையைச் செருமினார். தம் வழக்கப்படி உடைத்தார். "இதனால சகலமானவுகளுக்கும்! முன்னால சொன்னது சரியில்ல! இது பொம்பளைக வருசம்! வருசம் முச்சூடும் பொம்பளைக வருசந்தேன்! கொண்டாடிக்கிற வேண்டியதூ!" நிறுத்து, நிறுத்து என்று குழுவே எழுந்து நின்றது. முதல் அறிவிப்பே தேவலை என்றார் தலைவர்.

அப்போது நான் பெரியவரைப் பார்த்துக் கேட்டேன். "ஐயா, மடை ஒடைஞ்சுச்சா?"

"ஒடையலம்மா."

"அடுத்தவுக முறைய யாராவது புடுங்குனாகளா?"

"அப்படிச் சொன்னா நாக்கு அழுகிப்போகும். இல்ல."

"அப்ப என்ன பிராது?"

"வழக்கம் இல்லம்மா. அம்புட்டுத்தேன்."

"அந்த வழக்கத்த யாரு தமுக்கடிச்சாக?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெரிய மனிதர்களுக்கு அழகு அதுதான். சிரித்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்த மாதிரி. மீதிப் பாதியை ஆணையாளர் தீர்த்தார். பேனாவை எடுத்தார். 'திருத்த அறிவிப்பு குறித்த பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது' என்று எழுதினார். அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைத்தார். அதற்கடுத்த கூட்டத்திலும் ஒத்திவைத்தார். ஒத்திவைத்து ஒத்திவைத்து எத்தனையோ திட்டங்கள் இந்த நாட்டில் ஓய்ந்து போயிருக்கின்றன. ஒத்திவைத்ததால் நெல் விளைந்த ஊர் வேப்பமடை ஒன்றுதான்! கைதட்டுங்கள் அவருக்கு. வெட்கப்படுகிறார், விடாதீர்கள், தட்டுங்கள்!

விளைந்தது. மொக்கம்மாளின் வயல் விளைந்தது. சாவி இல்லாமல் மணிமணியாக விளைந்தது. வயலை வேறு யாரும் 'பார்த்துக்கொள்ள' வேண்டிய தேவை வரவில்லை. எங்கள் வளைவும் வாழையும் கோலமும் கரண்டியும் ஒருபக்கம் நடந்தன; அந்தப் பெண்கள் அறுப்பை முடித்துக்கொண்டு சாயங்காலம்தான் வந்தார்கள். வடை தீர்ந்துபோயிருந்தது. அதற்காக என்னிடம் இன்றுவரை சண்டை.

இத்தோடு முடிந்தால் நானும் நன்றி சொல்லி இறங்கியிருப்பேன். ஆனால் ஆண்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கடைசி நாளும் இருக்குமல்லவா?

இந்த வருடம் பிறந்த முதல் நாள். மறுபடியும் இரண்டாம் போகம், மறுபடியும் பயிர் தண்ணீர் கேட்கிற நேரம். மறுநாள் மொக்கம்மாளுக்கு முறை. அழகுமலை அவள் வீட்டு வாசலுக்கே போய்ச் சொல்லியிருக்கிறார். "மதினி, ஆண்டுன்னா வருசந்தானாம். ஆபீஸ்லயே சொல்லிட்டாக. வருசம் நேத்தோட முடிஞ்சுபோச்சு. நாளைக்கு சர்க்கார் பேரச் சொல்ல முடியாது. அண்ணன் பேரச் சொல்லுங்க, இல்லாட்டி மம்பட்டிய வச்சுருங்க."

சொல் விளங்காமல் இருந்தவரைக்கும் அவளுக்குத் தண்ணீர் கிடைத்தது. சொல் விளங்கியதும் தண்ணீர் நிற்கப் போகிறது! அவள் பேருந்து ஏறிக் கம்பத்துக்கு வந்தாள். எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஒங்க வருசம் முடிஞ்சுபோச்சாம்ல. எங்கன போயி இன்னொரு வருசம் வாங்குறது? இந்த முறை தப்புனா பயிரு போச்சு, பயிரு போனா வயலு போச்சு" என்றாள். மடையில் நின்று கத்தியவள், என் கடையில் நின்று அழுதாள். எனக்கு நெஞ்சு கொதித்தது, தாய்மார்களே. ஓராண்டு கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதற்கு உரிமை என்ன இரவல் நகையா?

நேரே ஆணையாளரிடம் போனேன். கோபமாகத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். வழக்கத்துக்கு மாறாகச் சிரித்தார். "அம்மா, கோபப்படாதீக. ஐக்கிய நாடுகள் சபையில போன மாசம் தீர்மானம் போட்டுட்டாக. ஆண்டு முடியல. அது இப்பப் பத்தாண்டு. எழுபத்தாறுலருந்து எண்பத்தஞ்சு வரைக்கும், மகளிர் பத்தாண்டு" என்றார். எழுந்து நின்று கும்பிட்டேன். அவரையும் சுருளியாண்டியையும் மறுநாள் காலையில் வேப்பமடைக்கு வரச்சொன்னேன். இருவரும் ஜீப்பில் என்னோடு வந்தார்கள்.

மடைக்கரை முழுக்கக் கூட்டம். சுருளியாண்டி அடித்தார் பாருங்கள் ஓர் அடி! "ஒரு வருசம் இல்லைய்யா, பத்து வருசம்! பொம்பளைக ஆண்டு அனுபவிக்கப் பத்து வருசம்!" ஆணையாளர் திருத்தவில்லை, வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பெண்கள் குலவையிட்டார்கள். அழகுமலை வாயைப் பிளந்துவிட்டார். நான் வெற்றிச் சிரிப்போடு மொக்கம்மாளைப் பார்த்தேன்.

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மெதுவாகக் கேட்டாள்.

"பத்து வருசம் கழிச்சு, அக்கா? இதே வாய்க்கா இருக்கும். இதே கொழுந்தனாரு வருவாரு. பேரச் சொல்லுன்னு கேப்பாரு. அன்னைக்கு நான் எந்த சர்க்காரத் தேடிப் போறது? எனக்குன்னு ஆத்தா அப்பன் வச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல? அதச் சொன்னா தண்ணி வராதா?"

ஆணை, அறிக்கை, விழா, குழு, வளைவு, வரவேற்பு, எல்லாம் சேர்ந்து ஓராண்டாகக் கேட்காத கேள்வியை அந்தக் கரையில் நின்று அவள் கேட்டாள்! எல்லாரும் கருத்தக்கண்ணன் ஐயாவைப் பார்த்தோம்.

"முறையில பேரு மாத்துறதுன்னா பங்காளி சம்மதிக்கணும் ஆத்தா. அதுதேன் மொறை" என்றார் பெரியவர். பங்காளி யார்? அழகுமலை! அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் வாயில் அந்த வயல் இருக்கிறது, இரண்டு பெண் பிள்ளைகளின் சோறு இருக்கிறது.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அழகுமலையின் மனைவி சங்கிலியம்மாள். கூட்டத்தில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "ஏங்க," என்றாள், "நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா, எம் பிள்ளைகளுக்கு நான் யாரு பேரச் சொல்லித் தண்ணி கேக்க?"

அழகுமலை நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு மதினியைப் பார்த்தார். காலால் ஒரு மண்கட்டியைத் தட்டிவிட்டார். "சொல்லச் சொல்லுங்க. அவுக பேரையே சொல்லச் சொல்லுங்க" என்றார். அவருக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம். விட்டுக்கொடுப்பது எளிதில்லை, தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் அண்ணன் தம்பிக்கே எளிதில்லை.

மொக்கம்மாள் மடையில் இறங்கினாள். மண்வெட்டியை எடுத்தாள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அடுத்தவர் கூப்பிடத்தானே அந்தப் பெயர் இருந்தது! மறுபடியும் முயன்றாள். "மொக்கம்மா முறை" என்றாள். பெரியவர், "கேக்கல ஆத்தா" என்றார். "மொக்கம்மா முறை!" என்றாள், வாய்க்கால் முழுக்கக் கேட்டது. தண்ணீர் திரும்பியது. நான் அழுதேன். அழுததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, ஆணையாளரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆகவே, தலைவர் அவர்களே, பத்தாண்டுக்குத் திட்டம் கேட்டிருக்கிறீர்கள். மணியில் கை வைத்துவிட்டீர்கள், பார்த்துவிட்டேன். இதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வளைவு வேண்டுமா, வையுங்கள். கோலம் வேண்டுமா, போடுகிறோம். குடத்தை இடுப்பில் வரையுங்கள், தலையில் வரையுங்கள், எங்கேயாவது வரைந்து தொலையுங்கள்! ஆனால் இந்தப் பத்தாண்டில் இந்தப் பள்ளத்தாக்கின் மடைதோறும், வயல் வைத்திருக்கும் ஒவ்வொரு பெண்ணின் முறையும் அவள் பெயராலேயே கூறப்பட வேண்டும். லோயர் கேம்ப் தொடங்கி வீரபாண்டி வரை, எந்த வாய்க்காலில் எந்தப் பெண் இறங்கினாலும் அவள் பெயருக்குத் தண்ணீர் வர வேண்டும். கணவன் பெயருக்காகக் காத்திருக்காமல், மகன் வளரட்டும் என்று காத்திருக்காமல், கொழுந்தன் மனமிரங்கக் காத்திருக்காமல், அவள் பெயருக்கு வர வேண்டும்! இதைத் தீர்மானமாக எழுதுங்கள். தயவுசெய்து இதை மட்டும் ஒத்திவைக்காதீர்கள்!

என்ன? யாரோ கேட்கிறார்கள். மொக்கம்மாள் எங்கே என்கிறீர்களா? அவளைப் பார்க்க வேண்டுமா? எனக்கும் ஆசைதான். அவளுக்கென்று இந்த மேடையில் நாற்காலி போட்டோம், போர்த்தப் பொன்னாடையும் வாங்கி வைத்தோம். நேற்று நானே வேப்பமடைக்குப் போய் அழைத்தேன். "என்னைக்கு அக்கா?" என்றாள். "நாளைக்கு" என்றேன். "நாளைக்கு எம் முறையாச்சே!" என்று பதறிவிட்டாள். அரசு விழா, ஆணையாளர் வருகிறார், ஒரு முறை உன் கொழுந்தன் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, மேடைய நீங்க பாத்துக்கங்க. மடைய நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டிருப்பாள், இந்த நேரம். பொறுத்திருந்து கேட்ட பெருமக்களுக்கும், பொறுமை இழந்தும் மணியடிக்காத தலைவருக்கும், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. போகும்போது ஒவ்வொருத்தியும் தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போங்கள். வருகிறேன், வணக்கம்.